ஆய்வு மேசைக்கு வந்த ஹெக்ஸ்பக் நானோ: ஒரு மதிப்புரை

நீளம் சுமார் 4.5 செ.மீ., அகலம் 1.5 செ.மீ., பாட்டரியோடு எடை 7 கிராம் சொச்சம். அடியில் பின்பக்கமாகச் சாய்ந்த 12 ரப்பர் கால்கள். உள்ளே ஒரு பொத்தான் பாட்டரி, ஒரு குட்டி மோட்டார், மோட்டார் தண்டில் ஒருபக்கமாகப் பாரம் வைத்த ஓர் எடை. ஹெக்ஸ்பக் நானோ அவ்வளவுதான். சுவிட்சைத் தள்ளினால் உடல் அதிர்கிறது. உடல் கீழே அழுந்தும்போது சாய்ந்த கால்கள் வளைகின்றன, மேலே எழும்பும்போது தரைப்பிடி தளர்ந்து உடல் கொஞ்சம் முன்னால் தள்ளப்படுகிறது. நொடிக்குப் பல பத்து தடவை இது நடப்பதால் கண்ணுக்குத் தெரிவது வழுக்கிக்கொண்டு ஓடும் பூச்சி.

குழந்தைகளுக்காகச் செய்த இந்தச் சாமான் இன்று ஆக்டிவ் மேட்டர் ஆய்வில் அடிக்கடி தலைகாட்டுகிறது. அந்தத் துறையில் பொருளின் ஒவ்வொரு துகளும் தானே ஆற்றலைச் செலவழித்து நகர்கிறது. பாக்டீரியாக் கூட்டம், செல் அடுக்கு, பறவைக் கூட்டம் எல்லாம் அதில் அடக்கம். இந்த மதிப்புரை பொம்மையை ஒரு சோதனைத் துகளாக மட்டும் எடைபோடுகிறது: எதை நம்பலாம், எதைத் திருத்த வேண்டும், எந்தச் சோதனைக்கு இதைத் தொடவே கூடாது.

முதலில் இதற்கு முன்னால் என்ன இருந்தது என்று பார்க்க வேண்டும். 2007-இல் விஜய் நாராயண், ஸ்ரீராம் ராமசாமி, நாராயணன் மேனன் மூவரும் செம்புக் கம்பித் துண்டுகளை அதிரும் தட்டில் பரப்பி, துகள் எண்ணிக்கையின் ஏற்ற இறக்கம் வழக்கத்துக்கு மீறிப் பெரிதாவதைக் காட்டினார்கள். 2010-இல் டெசேன், டோஷோ, ஷாட்டே முன்பின் வேறுபாடு கொண்ட வட்டுகளை அதே முறையில் ஓடவிட்டார்கள். 2014-இல் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் அலுமினிய மணிகளுக்கு நடுவே சில பித்தளைத் துண்டுகளை விட்டு, அவை மணிகள் வழியாகவே ஒன்றையொன்று உணர்ந்து ஒரே திசையில் திரள்வதைக் கண்டார்கள். எல்லாமே அழகான சோதனைகள். ஆனால் எல்லாவற்றுக்கும் ஒரு நல்ல அதிர்வு மேசை வேண்டும். தட்டு மேலும் கீழுமாக மட்டும் ஆட வேண்டும். பக்கவாட்டில் கொஞ்சம் ஆடினாலும் துகள்கள் எல்லாம் ஒரு மூலையில் போய்க் குவியும். தட்டின் நடுவிலும் விளிம்பிலும் அதிர்வின் அளவு ஒன்றாக இருக்க வேண்டும். அந்த மேசையைச் சரிக்கட்டுவதே தனி வேலை.

ஹெக்ஸ்பக் அந்த வேலையை அடியோடு நீக்குகிறது. மோட்டாரும் பாட்டரியும் துகளுக்குள்ளேயே இருக்கின்றன. ஒரு சமதளப் பலகையும் ஒரு கேமராவும் இருந்தால் சோதனை தொடங்கிவிடலாம். வளைந்த கிண்ணத்தில், சரிவில், வலையில் கோத்து, எங்கே வேண்டுமானாலும் விடலாம். அதிர்வு மேசையில் இதெல்லாம் நடக்காத காரியம்.

இனி குறைகள். இந்தப் பொம்மையை வாங்குபவர்களில் பாதிப் பேர் பாடப்புத்தகத்தில் வரும் ‘ஆக்டிவ் பிரௌனியன் துகள்’ கையில் கிடைத்துவிட்டதாக நினைத்துக்கொள்கிறார்கள். அந்த மாதிரியில் துகள் நிலையான வேகத்தில் தன் மூக்கு காட்டும் திசையில் போகும், மூக்கின் திசை மட்டும் தற்செயலாகத் தள்ளாடும். நிலைமம் கிடையாது, பாரபட்சம் கிடையாது. ஹெக்ஸ்பக்குக்கு மூன்று கூடுதல் குணங்கள் உண்டு. நிலைமம் உண்டு: மோதினால் தெறிக்கும், திரும்பும்போது சறுக்கும். ஒருபக்கம் திரும்பும் பழக்கம் உண்டு. மூன்றாவது, உடல் எந்தத் திசையில் தள்ளப்படுகிறதோ அந்தத் திசைக்கு மூக்கும் மெல்லத் திரும்பும். கடைசிக் குணம்தான் மிக முக்கியமானது. வெளிவிசை துகளின் இடத்தை மட்டுமல்ல, அதன் நோக்கத்தையும் மாற்றுகிறது என்று பொருள்.

இந்த மூன்றாவது குணம் என்ன செய்யும் என்பதை ஒலிவியே டோஷோவும் வான்சான் டெமெரியும் 2019-இல் ஒரு குழிந்த கிண்ணத்தில் ஒற்றை ஹெக்ஸ்பக்கை விட்டுக் காட்டினார்கள். துகள் நடுவில் நிற்பதில்லை, நடுவிலிருந்து ஒரு குறிப்பிட்ட தூரத்தில் தங்குகிறது. அதிலும் இரண்டு நிலைகள். ஒன்றில் மூக்கு வெளிப்பக்கம் பார்த்தபடி, ஏற முடியாமல் ஒரே உயரத்தில் நின்று பக்கவாட்டில் மட்டும் மெல்ல அலையும். மற்றதில் கிண்ணத்தைச் சுற்றிச் சுற்றி வரும். சாதாரண மாதிரியில் முதல் நிலை கிடைக்கும். சுற்றும் நிலை வருவதற்கு மூக்கு வேகத்தோடு ஒத்துப்போகும் அந்த முறுக்கு வேண்டும். நிலைமம் குறைவாக இருந்தால் ஒரு நிலையிலிருந்து மற்றதுக்கு மாறுவது தொடர்ச்சியாக நடக்கிறது. நிலைமம் கூடினால் மாற்றம் திடீரென்று நிகழ்கிறது, இடையில் துகள் இரண்டு நிலைகளுக்கும் தாவிக்கொண்டே இருக்கும் பகுதியும் வருகிறது. பொம்மையின் ‘குறை’யே கண்டுபிடிப்பாக மாறிய இடம் இது. இத்தகைய துகள்களுக்கென்றே 2025-இல் ‘ரெவ்யூஸ் ஆஃப் மாடர்ன் ஃபிசிக்ஸ்’ இதழில் ஒரு நீண்ட தொகுப்புக் கட்டுரை வந்திருக்கிறது.

ஆகவே வாங்கியதும் செய்ய வேண்டியது, ஒவ்வொரு பூச்சியையும் தனியாக ஓடவிட்டு அளப்பது. ஒரே பெட்டியிலிருந்து வந்தவை ஒன்றுபோல ஓடும் என்று எதிர்பார்க்க வேண்டாம். காலின் வளைவில் கண்ணுக்குத் தெரியாத வேறுபாடு போதும், ஒன்று நேராகப் போகும், அடுத்தது வட்டமடிக்கும். மோட்டாரும் ஒரே திசையில்தான் சுழல்கிறது, அதனால் இடது வலது சமச்சீர் ஆரம்பத்திலேயே இல்லை. தேவையான எண்ணிக்கையைவிடக் கணிசமாகக் கூடுதலாக வாங்கி, அளந்து, ஒத்த குணமுள்ளவற்றைத் தேர்ந்தெடுப்பதே நடைமுறை.

அளவுகள் மூன்று: ஓடும் வேகம், சராசரித் திரும்பல் வேகம், திசைச் சிதறல், அதாவது மூக்கின் தற்செயலான தள்ளாட்டம். மூன்றாவதில்தான் பெரும்பாலும் தவறு நடக்கிறது. மூக்கின் கோணம் ஒரு நேர இடைவெளியில் எவ்வளவு மாறியது என்று எடுத்து, அதன் வர்க்கத்தின் சராசரியைப் போட்டு, அதைச் சிதறல் கெழுவின் இருமடங்கு பெருக்கல் நேரம் என்று பொருத்துவது வழக்கம். வட்டமடிக்கும் பூச்சியில் இதோடு திரும்பல் வேகத்தின் வர்க்கம் பெருக்கல் நேரத்தின் வர்க்கமும் சேர்ந்துகொள்கிறது. எடுத்துக்காட்டாக, உண்மையான சிதறல் கெழு நொடிக்கு 0.1 ரேடியன் வர்க்கம், திரும்பல் வேகம் நொடிக்கு 0.4 ரேடியன் என்று வைத்துக்கொள்வோம். 5 நொடி இடைவெளியில் சிதறலின் பங்கு 1, வட்டத்தின் பங்கு 4. மொத்தம் 5 என்று எடுத்து வகுத்தால் கெழு 0.5 என்று வரும், அதாவது ஐந்து மடங்கு பிழை. முதலில் சராசரித் திரும்பலைக் கழித்துவிட்டுத்தான் வர்க்கம் எடுக்க வேண்டும்.

அதே எடுத்துக்காட்டில் வேகம் நொடிக்கு 16 செ.மீ. என்றால் வட்டத்தின் ஆரம் 40 செ.மீ.; சிதறல் மட்டும் இருந்தால் திசை மறக்க ஆகும் தூரம் 160 செ.மீ. பூச்சிகள் ஓடும் களம் 1 மீட்டர் விட்டம் என்றால் துகள் தன் திசையை மறப்பதற்கு முன்பே சுவரில் முட்டிவிடும். ஹெக்ஸ்பக் சோதனைகளில் பெரும்பாலானவை உண்மையில் சுவர்ச் சோதனைகள்தான். அதை ஒத்துக்கொண்டு வடிவமைத்தால் பிரச்சினை இல்லை. 2020-இல் பிரான்சின் போர்தோ நகரக் குழு ஒன்று செய்தது அதைத்தான்: இடப்பக்கம் திரும்புபவையும் வலப்பக்கம் திரும்புபவையும் கலந்திருக்கும் கூட்டத்தைச் சுவரோர ஓட்டத்தை வைத்தே பிரித்தெடுத்துக் காட்டினார்கள்.

தள்ளுவிசையை அளக்கக் கருவி எதுவும் வேண்டாம். பூச்சி திரும்ப முடியாத அகலத்தில் ஒரு நேர்க் கால்வாய் அமைத்து, மேட்டைப் பார்த்து விட்டு, பலகையை மெல்லத் தூக்க வேண்டும். முன்னேற்றம் நின்றுபோகும் கோணத்தின் சைன் மதிப்பை எடையால் பெருக்கினால் விசை கிடைக்கும். 7 கிராம் பூச்சி 15 பாகையில் நின்றால் விசை சுமார் 18 மில்லிநியூட்டன். கால் வழுக்குவதால் நிற்கிறதா, தள்ள முடியாமல் நிற்கிறதா என்பதைப் பிரித்தறிய, தளத்தின் பரப்பை மாற்றி இன்னொரு முறை செய்து பார்ப்பது நல்லது.

பாட்டரிதான் இந்தப் பொருளின் பலவீனமான இடம். அதோடு வருவது எல்ஆர்44 அளவு: 11.6 மி.மீ. விட்டம், 5.4 மி.மீ. தடிமன், 1.5 வோல்ட் ஆல்கலைன். ஆல்கலைன் பாட்டரியின் மின்னழுத்தம் ஆரம்பத்திலிருந்தே சரிந்துகொண்டு போகும். மின்னழுத்தம் சரிந்தால் மோட்டாரின் சுழற்சி குறையும், சுழற்சி குறைந்தால் வேகம் மட்டும் குறைவதில்லை. அதிர்வின் தன்மையே மாறுவதால் திரும்பும் பழக்கமும் மாறலாம். காலையில் அளந்த துகளும் மாலையில் ஓடும் துகளும் வேறு வேறு. அதே அளவில் வரும் எஸ்ஆர்44 சில்வர் ஆக்சைடு பாட்டரி 1.55 வோல்ட், தீரும் தறுவாய் வரை மின்னழுத்தம் ஏறக்குறைய சமமாக நிற்கும். விலை கூடுதல்தான், ஆனால் அளவுச் சோதனை என்றால் வேறு யோசனையே வேண்டாம். இதே அளவில் செவிப்புலன் கருவிகளுக்கான துத்தநாக-காற்றுப் பாட்டரியும் உண்டு. அதன் மின்னழுத்தம் குறைவு, காற்றுத் துளை திறந்திருக்க வேண்டும். மூடிய பாட்டரி அறைக்கு அது ஒத்துவராது.

பாட்டரியைச் சோதிக்கும்போது வெறுமனே மல்டிமீட்டர் முனைகளை வைத்துப் பார்ப்பதில் பயனில்லை. பாதி தீர்ந்த ஆல்கலைன் பாட்டரியும் சுமை இல்லாதபோது நல்ல எண்ணைக் காட்டும். 100 ஓம் மின்தடையை இணைத்து, சில நொடி பொறுத்து, அப்போது காட்டும் எண்ணைக் குறிக்க வேண்டும். ஒரு தொகுதிக்குள் 0.03 வோல்ட்டுக்கு மேல் விலகி நிற்பதை ஒதுக்கிவிடலாம். மாற்றினால் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மாற்ற வேண்டும். ஒன்றிரண்டை மட்டும் மாற்றினால் கூட்டத்தில் சில வேகத் துகள்கள் கலந்து, ‘திரள்’ என்று தோன்றுவது அந்தச் சிலவற்றின் கைவேலையாக இருக்கும்.

இன்னொரு தொல்லை, சுவிட்ச். ரிமோட் கிடையாது, ஒவ்வொன்றையும் கையால் திருப்பிப் போட்டு முடுக்க வேண்டும். 50 பூச்சிகளை முடுக்கி முடிக்கும்போது முதலாவது சில நிமிடம் ஓடியிருக்கும். களத்தின் நடுவில் அடியில்லாத ஓர் உருளையை வைத்து, அதற்குள் எல்லாவற்றையும் விட்டு, கடைசியில் உருளையைத் தூக்குவது சுலபமான வழி. பதிவை அதன்பிறகு சற்று நேரம் கழித்தே கணக்கில் எடுக்க வேண்டும். 50 ஒன்றாக ஓடும்போது பக்கத்து மேசைக்காரர் எழுந்து போய்விடுவார் என்பதையும் சொல்லிவிட வேண்டும், சத்தம் அப்படி.

தளத்துக்குக் கண்ணாடி நன்று. அக்ரிலிக் மலிவு, ஆனால் நிலைமின்னேற்றம் பெற்றுத் தூசியை இழுக்கும். தூசி ரப்பர் காலில் ஒட்டினால் பிடிமானம் குறைந்து வேகம் தாறுமாறாகும். ஒவ்வொரு தொடருக்கு முன்னும் தளத்தையும் கால்களையும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்து, முழுக்கக் காயவிட வேண்டும். சமமட்டம் கட்டாயம்: 1 பாகை சரிவு 7 கிராம் பூச்சியின்மேல் 1.2 மில்லிநியூட்டன் விசையைப் போடுகிறது. தள்ளுவிசையோடு ஒப்பிட்டால் சின்னது. ஆனால் மூக்கு வேகத்தோடு ஒத்துப்போகும் குணத்தால் அந்தச் சின்ன விசை மெல்ல மெல்ல எல்லா மூக்குகளையும் ஒரே பக்கம் திருப்பிவிடும். கூட்டம் தானாகத் திசை தேர்ந்துகொண்டது என்று எழுதுவதற்கு முன் பலகையை 180 பாகை சுற்றிவைத்து மறுபடி ஓட்டிப் பார்ப்பது காப்பீடு. கூட்டத்தின் திசை பலகையோடு சேர்ந்து திரும்பினால் குற்றவாளி பலகை, திரும்பாவிட்டால் தரை.

சுவர் செங்குத்தாக இருக்க வேண்டும், உயரம் 2 செ.மீ.க்குக் குறையக் கூடாது. சாய்ந்த சுவரில் ஏறிக் கவிழும். கவிழ்ந்தாலும் முதுகு உருண்டையாக இருப்பதால் தானே நிமிர்ந்துகொள்ளும், பொம்மையாக அது சாமர்த்தியம். ஆனால் பாதைத் தரவில் அந்த இடத்தில் ஒரு திடீர் முறிவு விழும். மூலையுள்ள களம் வேண்டாம், மூலையில் போனது வெளியே வராது. வட்டத்திலும் சுவரோரம் குவியும். டெசேன் குழு 2010-இல் பூவிதழ்போல் வளைந்த சுவரைப் பயன்படுத்தியது இதற்காகத்தான். சுவரோரம் ஊர்ந்து வரும் துகளை ஒவ்வொரு இதழும் நடுவை நோக்கித் திருப்பிவிடும்.

அடுத்து படமெடுப்பது. மேலிருந்து நேர்கீழாகப் பார்க்கும் கேமரா, நொடிக்கு 60 ஃப்ரேம், ஒளிபடும் நேரம் 2 மில்லிநொடிக்குள். மோட்டார் அதிர்வின் அதிர்வெண் ஃப்ரேம் வேகத்தைவிட அதிகம் என்பதால், உண்மையில் இல்லாத ஒரு மந்தமான ஆட்டம் பதிவில் தெரியும். அது கேமரா உண்டாக்கும் மாயம். ஃப்ரேம் வேகத்தை மாற்றி எடுத்தால் அந்த ஆட்டத்தின் வேகமும் மாறும், அப்படிப் பிடித்துவிடலாம்.

முதுகில் ஒட்டும் அடையாளத்துக்கு ஆருகோ குறி (மென்பொருள் படிக்கக்கூடிய கறுப்பு வெள்ளைக் கட்டச் சதுரம்) வசதி, இடமும் மூக்கும் தனி எண்ணும் ஒரேயடியாகக் கிடைக்கும். முதுகின் அகலத்துக்கு 12 மி.மீ. குறிதான் கொள்ளும். நாலுக்கு நாலு கட்டக் குறி, ஓரக் கட்டங்களோடு ஆறு கட்டம். ஒரு கட்டம் 2 மி.மீ. ஒரு மீட்டர் களத்தை 1080 பிக்சலில் எடுத்தால் கட்டத்துக்கு இரண்டு பிக்சல்தான் விழும், குறியை மென்பொருள் அடிக்கடி தவறவிடும். 4கே கேமராவின் 2160 பிக்சலில் நான்குக்கு மேல் வரும், அது போதும். பழைய கேமராதான் இருக்கிறது என்றால் மூக்கில் ஒரு நிறம், வாலில் ஒரு நிறம் என்று இரண்டு புள்ளி போதும். எண் மட்டும் கிடைக்காது. அளவுதிருத்தத்தைத் தளத்தில் செய்யாமல் குறி இருக்கும் உயரத்தில் செய்ய வேண்டும். 1.8 செ.மீ. உயரத்திலுள்ள குறி, 2 மீட்டர் உயரக் கேமராவுக்கு 50 செ.மீ. ஓரத்தில் வந்தால் கிட்டத்தட்ட 4.5 மி.மீ. தள்ளித் தெரியும். வேகம் கணக்கிட அடுத்தடுத்த ஃப்ரேம்களைக் கழித்தால் அதிர்வின் இரைச்சல்தான் மிஞ்சும். தரவின் இரைச்சலை மென்மையாக்கும் சாவிட்ஸ்கி–கோலே வடிகட்டியை அளவோடு போடலாம். ஆனால் மோதலை ஆராயும்போது அது மோதலின் கூர்மையையும் தேய்த்துவிடும்.

கூட்டமாக விடும்போது நீள வடிவம் தொல்லை தரும். நேருக்கு நேர் முட்டி நிற்கும், ஒன்றின்மேல் ஒன்று ஏறும். பூச்சியை முப்பரிமாண அச்சில் செய்த ஒரு வளையத்துக்குள் வைத்து வட்டத் துகளாக்குவதே பலரும் செய்வது. வளையத்தின் உள்விட்டம் உடல் நீளத்தைவிடச் சற்றே கூடுதலாக இருந்தால் பூச்சி உள்ளே சுழன்று திரும்பலாம், அதேசமயம் வளையத்தைத் தள்ளலாம். வளையத்தின் எடை கவனம்: 5 கிராம் வளையம் என்றால் துகளின் எடையில் முக்கால் பங்கு கூடிவிட்டது. அடிப்பரப்பு முழுதாகத் தளத்தில் உரசினால் உராய்வு எல்லாக் கணக்கையும் விழுங்கும். மூன்று சிறு குமிழ்கள்மேல் நிற்கும்படி அச்சிட வேண்டும்.

இந்த வளைய உத்தியின் சிறந்த பயன் பாரிஸ் ஈஎஸ்பிசிஐ நிறுவனத்தில் பால் பாகொனியே உள்ளிட்ட குழு 2022-இல் செய்தது. வளையங்களை ஸ்பிரிங்குகளால் வலையாகக் கோத்து, ஒவ்வொன்றிலும் ஒரு ஹெக்ஸ்பக். பூச்சி வலையை இழுக்கிறது, வலையின் நகர்வு பூச்சியின் மூக்கைத் திருப்புகிறது. இந்தப் பிணைப்பு ஓர் அளவைத் தாண்டியதும் வலை முழுதும் ஒரே தாளத்தில் ஊசலாடத் தொடங்குகிறது. ஒரு திண்மத்தின் எத்தனையோ அதிர்வு முறைகளில் சில மட்டுமே கிளர்ந்தெழுகின்றன, அவையும் குறைந்த ஆற்றலுள்ளவையாகத்தான் இருக்கும் என்றில்லை. வெப்பத்தால் அதிரும் சாதாரணத் திண்மத்திலிருந்து இது எவ்வளவு தூரம் விலகுகிறது என்பது திண்மநிலை இயற்பியல் படித்தவருக்குச் சட்டென்று உறைக்கும். அதற்கு முந்தைய ஆண்டு போர்தோவில் வளையும் வேலிக்குள் பல பூச்சிகளை அடைத்து, யாரும் இயக்காமலே ஊர்ந்து குறுகிய இடைவெளிகளைக் கடக்கும் ஒரு ‘சூப்பர் ரோபோ’வைச் செய்தார்கள்.

எதற்கு உதவாது? எண்ணிக்கை நூறைச் சுற்றி நிற்கும்வரை சிதறி ஓடும் கூட்டம் ஒரே திசையில் திரளும் மாற்றம் எவ்வளவு வேகமாக வளர்கிறது என்று சொல்லும் அடுக்கு எண்களை இதில் அளக்கப் போவது வீண். ஏற்ற இறக்கத்தைப் பார்க்க எண்ணிக்கை பல பத்தின் அடுக்குகளாக விரிய வேண்டும். 2008-இல் டையோரும் கேட்ஸும் சொன்ன, ஓட்டத்தாலேயே அடர்த்தியும் அடர்த்தியின்மையுமாகப் பிரியும் நிகழ்வையும் இதில் தேட வேண்டாம். மோதித் தெறிக்கும் நிலைமம் அந்தப் பிரிவைக் குலைக்கும் பக்கம் வேலை செய்கிறது. திரவத்தின் வழியாக வரும் தொடர்பு எதுவும் இங்கே இல்லை. அவற்றுக்கு மின்புலத்தில் உருளும் குயின்கே உருண்டைகளோ, ஒளியால் ஓடும் கூழ்மத் துகள்களோதான் சரி. ஒரு சிறு கண்ணாடி அறையில் அவை லட்சக்கணக்கில் கிடைக்கும். துகளுக்கு விதி சொல்லிக்கொடுக்க வேண்டுமானால் ஹார்வர்டில் 2014-இல் 1024 எண்ணிக்கையில் ஓட்டிய கிலோபாட் என்ற நிரல் எழுதக்கூடிய குட்டி ரோபோ போன்றது வேண்டும். ஆனால் அது நத்தை வேகம். எல்லாத் துகளும் அச்சில் வார்த்ததுபோல் ஒன்றாக இருக்க வேண்டும் என்றால் அதிர்வு மேசைக்கே திரும்பி, முப்பரிமாண அச்சில் செய்த அதிர்வுத் துகள்களைப் பயன்படுத்தலாம். நிலைமத்தால் மூக்குக்குப் பின்னால் வேகம் தாமதமாக வருவதை 2018-இல் அப்படித்தான் அளந்தார்கள்.

வகுப்பறைக்கு ஐந்து பூச்சி, ஒரு ஆழமில்லாத கிண்ணம், ஒரு கைபேசிக் கேமரா போதும். ஆய்வுக்கு வாங்குபவர்கள் சாதாரண நானோவையே வாங்க வேண்டும். குழாய்க்குள் செங்குத்தாக ஏறும் வி2 வகையின் முதுகில் மூன்று ரப்பர் முனைகள் நீட்டிக்கொண்டிருக்கும், குறி ஒட்ட இடமிருக்காது, கண்ணாடி மூடி போட்டால் அதில் உரசும். கால்களின்மேல் நிற்கவைத்துச் சேமித்தால் ரப்பர் நிரந்தரமாக வளைந்துகொள்ளும். மல்லாக்கப் போட்டு, பாட்டரியைக் கழற்றி வைப்பது நல்லது. கழற்றிய பொத்தான் பாட்டரிகளை மேசையில் சிதறவிடாமல் உடனே மூடியுள்ள டப்பாவில் போட வேண்டும். சிறு குழந்தை விழுங்கினால் உணவுக்குழாயில் புண் உண்டாகும், அப்போது காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும்.